சாயம் போக வேண்டிய கோட்டு

புதுக் கோட்டு ஒன்றைக் கொடுத்து அதைப் பழசாக்கச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் கத்தரிக்கோலைத் தேடுகிறீர்கள், மீதிப் பேர் உப்புத்தாளைத் தேடுகிறீர்கள். இன்று காலை இந்த உடையறைக்குள் நுழைந்தபோது இரண்டையும் பார்த்தேன். சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் முதல் கோட்டைப் பழசாக்க நான் தேடியது என் மனைவியின் சோற்றுப் பானையை.

உங்கள் மேலாளர் என்னை அழைத்தது, பெரிய பெரிய படங்களுக்கு நான் உடை தைத்த கதையைச் சொல்லச் சொல்லித்தான். அந்தப் படங்களில் எனக்கு மேலே நாலு பேர், கீழே பத்துப் பேர் இருந்தார்கள். தப்பு நடந்தால் யார் தலையிலாவது போய் விழும். தப்பு முழுக்க என் தலையிலேயே விழுந்த ஒரு கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதுதான் உங்களுக்குப் பயன்படும்.

அப்போது நான் சைகோனில் இருந்தேன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். காரைக்காலிலிருந்து கப்பலேறிப் போய், பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் என் மாமா வைத்திருந்த துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க்காரர்கள் ஆளைப் பிறந்த வரிசை எண்ணால் கூப்பிடுவார்கள். நம்மவர்களை மட்டும் யாராக இருந்தாலும் 'அன் பாய்' என்பார்கள். அடடா, கடல் கடந்து வந்தும் மரியாதையாகப் பாய் என்கிறார்களே என்று வந்த புதிதில் பூரித்துப் போயிருந்தேன். அவர்கள் மொழியில் பாய் என்றால் ஏழு, அன் பாய் என்றால் ஏழாவது அண்ணன் என்று என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. அவள் அந்த ஊர்ப் பெண். கலிமா சொல்லி ஆமினா ஆனவள். என் மாமியிடம் தமிழ் கற்றுக்கொண்டு, அந்தத் தமிழிலேயே கணவனை ஒழுங்காகத் திட்டத் தெரிந்தவள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில் பா தூ என்ற அம்மாள் கடைக்கு வந்தாள். ஒரு பாட்டு நாடகக் குழுவின் சொந்தக்காரி. கூடவே அவள் குழுவின் கதாநாயகன் ஹாய் வந்திருந்தான். கதவு நிலையில் குனிந்து நுழைய வேண்டிய உயரம்.

அந்தச் சமயம் ஊரில் ஒரு பிரெஞ்சுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கப்பல் உடைந்து, கடலில் தொலைந்து, பல வருடம் கழித்து வீட்டுக்குத் திரும்பும் மாலுமியின் கதை. படம் முழுக்க அவன் ஒரே ஒரு நீளக் கோட்டைப் போட்டிருப்பான். ஊரே அந்தக் கோட்டைப் பற்றிப் பேசியது. பா தூ அந்தக் கதையைப் பாட்டு நாடகமாகப் போட ஏற்பாடு செய்துவிட்டாள். அரங்கின் வாசலில் தட்டி எழுதி வைத்தாயிற்று. தட்டியில் மாலுமியின் முகத்தைவிடக் கோட்டுதான் பெரிதாக இருந்தது.

"கோட்டுதான் இல்லை" என்றாள். அவர்கள் பேசியதெல்லாம் அந்த ஊர் மொழியில். நான் தமிழில் சொல்கிறேன். "பிரெஞ்சுத் தையற்காரர்களிடம் கேட்டேன். பழைய கோட்டு தைக்க மாட்டோம் என்கிறார்கள். எங்கள் நல்ல பாடகர்களை வேறு குழு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இந்த நாடகம் நிற்காவிட்டால் மிச்சமிருப்பவர்களும் புத்தாண்டுக்குப் பிறகு போய்விடுவார்கள். கெட்டியான துணியாகக் கொடுங்கள், நாங்களே எதையாவது செய்துகொள்கிறோம்."

துணியைக் கொடுத்து அனுப்பியிருந்தால் இன்று உங்கள் முன் இந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நானே தைத்துத் தருகிறேன். சாயமும் ஏற்றித் தருகிறேன். அச்சு அசல் அதே கோட்டு" என்றேன். அதுவரை நான் தைத்தவை கைலி மூட்டலும் தலையணை உறையும். கோட்டு என்று ஒன்றே ஒன்று தைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு நிக்காஹ் மேடையில் உட்கார்ந்தவன், முடியும்வரை கையைத் தூக்காமலே இருந்தான்.

"என்ன நிறம் அது?" என்று ஹாய் கேட்டான்.

"பழுப்பு" என்றேன், படம் எடுத்தவனே என்னைக் கேட்டுத்தான் எடுத்தான் என்பதுபோல.

"நீலம்" என்றாள் பா தூ.

"பச்சை. நான் இரண்டு தடவை பார்த்தேன்" என்றான் ஹாய்.

மூன்று பேரும் சண்டை பிடித்தோம். அப்புறம்தான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அந்தக் காலத்தில் படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. பா தூ சிரித்துவிட்டு, "பழுப்பே இருக்கட்டும். நீலம் என்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டுச் சண்டை போடட்டும். சண்டை போடவாவது உள்ளே வருவார்கள் அல்லவா" என்றாள். தொழில் தெரிந்தவள்.

வெட்டித் தைத்த கதையை விடுகிறேன். அது உங்களுக்குத் தெரிந்த வேலை. வெள்ளையாக, விறைப்பாக, வங்கிக் குமாஸ்தா கல்யாணத்துக்குப் போகப் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு கோட்டு வந்தது. இனி அதற்குச் சாயம் ஏற்ற வேண்டும், பிறகு அதன்மேல் பல வருடத்துக் கடலை ஏற்ற வேண்டும்.

எங்கள் வீடு கான் ஹொய் என்ற பகுதியில், துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால், கால்வாய் ஓரம் கால் நட்டுக் கட்டிய பலகை வீடு. ஆற்றின் மேலே இருந்து வரும் படகுகளில் நெல்லிக்காய் அளவில் ஒரு பச்சைக் காய் வரும். மக் நுவா என்பார்கள். அதை இடித்துச் சாறெடுத்துத்தான் அந்த ஊர்ப் பட்டுக்குக் கறுப்பு ஏற்றுவார்கள். கறுப்பு தருகிற காயைக் குறைவாகப் போட்டால் பழுப்பு வரும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு ஒரு கூடை வாங்கினேன். படகுக்காரி காயைக் கொடுத்துவிட்டு ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று தலைமுறையாகத் துணி விற்கிற குடும்பத்துக்காரனுக்கு இவள் என்ன சொல்ல என்று பாதியிலேயே நடையைக் கட்டினேன்.

வீட்டில் கோட்டு முழுசாக அமுங்குகிற பாத்திரம் ஒன்றுதான் இருந்தது. ஆமினா முழுகாமல் இருந்தாள். அடுப்படிக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மச்சான், அது சோறாக்குற பான."

"கழுவித் தர்றேன்."

"பச்சயா நுரச்சிக்கிட்டு இக்கிது. எனக்கு வாந்தி வருது."

"உனக்கு இப்ப எதப் பாத்தாலும் வாந்திதானே."

"உங்களப் பாத்தா வரல. இன்னிக்கு வரும்போல இக்கிது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

கோட்டை வெளியே எடுத்தேன். பழுப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. மஞ்சள் காமாலை வந்தவனின் கண்போல ஒரு பச்சை மஞ்சள். இன்னொரு தடவை முக்கினேன். அதே காமாலை, கொஞ்சம் முற்றியிருந்தது. போதாததற்குத் துணி சுருங்கிவிட்டது. நனைத்துக் காய வைத்துச் சுருங்கவிட்ட பிறகுதான் துணியை வெட்ட வேண்டும் என்று எங்கள் கடையில் வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்லுகிறவனே நான்தான். ஹாயின் நீளத்துக்குத் தைத்த கை இப்போது என் மணிக்கட்டில் வந்து நின்றது.

மறுநாள் காலை பா தூ பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. "அம்மா, சாயம் பிடிக்கவில்லை, இன்னும் சில நாள் வேண்டும்" என்று சொல்வது ஒன்று. சொல்லியிருந்தால் அவள் சரியென்றிருப்பாள். நாடகத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் அச்சு அசல் என்று சொன்ன வாய் இருக்கிறதே, அது பிறகு பின்வாங்காது. விளக்குக் கரி, பானையடிக் கரி, ஒரு புட்டி மை, எல்லாவற்றையும் அரிசிக் கஞ்சியில் குழைத்துக் கோட்டின்மேல் பூசினேன். கைக்குப் படகுக்காரர்கள் கழித்துப் போட்ட பழைய பாய்த்துணியை ஒட்டுப் போட்டேன். தூரத்தில் நின்று பார்த்தேன். அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அருமையாக இருந்தது.

பா தூ வந்து பார்த்தாள். கையில் இருந்த ஒட்டைத் தொட்டு, "இது ஏன்?" என்றாள்.

"கடலில் நனைந்த கோட்டு சுருங்கும் அல்லவா? அவன் படகுப் பாயைக் கிழித்து ஒட்டுப் போட்டிருப்பான்" என்றேன்.

அவள் என்னை ஒரு மேதையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நானும் ஒரு மேதை பார்ப்பதுபோலவே திருப்பிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பழசாக்கும் வேலை. பைகளில் கல்லை நிரப்பி ஈரத்தோடு தொங்கவிட்டேன், பை தொய்ந்தது. முழங்கையைச் செங்கல்லால் தேய்த்தேன். ஆனால் உடம்பில் கிடந்த கோட்டுக்கு வருகிற மடிப்பு கயிற்றில் தொங்குகிற கோட்டுக்கு வராது. ஆகவே நானே அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஊர் சுற்றக் கிளம்பினேன். துறைமுகம், பாலம், சந்தை, மாரியம்மன் கோயில் தெரு. கணுக்கால் வரை கோட்டு, உள்ளே வியர்வை ஆறு. கோயில் தெரு முனையில் ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தினார். பாண்டிச்சேரிக்காரர், மாமா கடையில் துணி எடுப்பவர்.

"யாரு, கடை பாய் மருமவனா? என்னங்க இது கோலம்?"

"வேலைங்க. கோட்டப் பழசாக்குறேன்."

அவர் என் தோளில் கை வைத்தார். குரல் இறங்கிவிட்டது. "மனசுல ஏதாவது கஷ்டமுன்னா பெரியவங்ககிட்ட சொல்லணுங்க. கழுத்தெல்லாம் கரியா இருக்கு பாருங்க. வீட்டுக்குப் போங்க."

கழுத்தெல்லாம் கரி என்றார். கோட்டிலிருந்து கரி கழல்கிறது என்று ஒரு போலீஸ்காரர் நடுத்தெருவில் எனக்கு அறிவிக்கிறார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. வெயில் பட்டுப் பட்டுக் கரிக்கு அடியில் இருந்த காமாலை மஞ்சள், மெல்ல மெல்ல நல்ல பழுப்பாகிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்திருந்தேன். அந்தக் காயின் குணமே அதுதான். வெயிலில் போட்டால்தான் நிறம் வரும், பொறு என்பதைத்தான் படகுக்காரி சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதே வீட்டுக்குப் போய்க் கரியைக் கழுவியிருக்கலாம். அழகாக இருப்பதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

போலீஸ்காரர் நேராக மாமாவிடம் போய், உங்கள் மருமகன் கந்தலும் கரியுமாகத் திரிகிறான், ஊருக்கு அனுப்பி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மாமா என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அதனால்தான் பயம்.

"ஹமீது, கூத்துக்காரங்க வேலையும் கட வேலையும் ஒண்ணாச் செய்ய முடியாதுப்பா. இத முடிச்சிட்டு எதுல நிக்கிறதுன்னு யோசிச்சிக்க. ஒனக்குப் புள்ள வரப் போவுது."

இந்தக் கோட்டு நின்றால் குழு நிற்கும், குழு நின்றால் அதில் எனக்கு ஒரு வேலை உண்டு என்று பா தூ சொல்லியிருந்தாள். நிற்காவிட்டால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முழக்கோலுக்குத் திரும்ப வேண்டியதுதான். மாமா திரும்பச் சேர்த்துக்கொள்வார். காலம் முழுக்க அதைப் பற்றிப் பேசாமலே இருப்பார். அதுதான் எனக்குத் தாங்காது.

முதல் ஆட்டத்தன்று அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. தட்டியில் பார்த்த கோட்டைப் பார்க்க வந்த கூட்டம். ஹாய் மேடையில் வந்து நின்றதும் முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அதே கோட்டு, அதே கோட்டு என்கிறார்கள் என்று திரை ஓரத்தில் நின்ற எனக்குப் புரிந்தது. நெஞ்சு விம்மியது. நிமிர்ந்து பார்த்தபோது, ஹாயின் தலைக்கு மேலே ஓட்டை போட்ட தகரக் குழாய் ஒன்று தொங்குவதைக் கண்டேன்.

"அது என்ன?" என்று பக்கத்தில் நின்ற பா தூவைக் கேட்டேன்.

"புயல்" என்றாள் பெருமையாக. "நிஜத் தண்ணீர். இன்று காலைதான் மாட்டினேன். யாரும் இதுவரை செய்ததில்லை."

நான் வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் கொட்டியது. ஹாய் அலையோடு போராடிப் பாடிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் கறுப்பாக ஒரு குட்டை தேங்கியது. விளக்கு மங்கலாக இருந்ததால் பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த காட்சி வீடு, முழு வெளிச்சம். கணவன் திரும்பி வருகிறான், மனைவி ஓடி வந்து அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். மனைவியாக நடிக்கும் லான் மறுபக்கத்துத் திரை ஓரத்தில் தயாராக நின்றாள். தலை முதல் கால் வரை வெள்ளைப் பட்டு. இறந்து போனதாக நினைத்த கணவனுக்காக உடுத்திய துக்க வெள்ளை. அவளிடம் இருந்ததே அந்த ஒரு பட்டுடைதான்.

காட்சி மாற்றுகிற இடைவெளியில் மேடைக்குப் பின்னால் லானிடம் ஓடினேன். "அவரைத் தொடாதீர்கள். தூரத்தில் நின்றே பாடுங்கள். கோட்டில் சாயம் போகிறது" என்றேன்.

பா தூவும் பின்னாலேயே ஓடி வந்தாள். "கோட்டைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லவா?"

"கோட்டைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள்" என்றான் ஹாய். அவன் விரல் நுனியிலிருந்து கரி சொட்டிக்கொண்டிருந்தது.

நான் ஒரு துண்டை எடுத்து அவன் மார்பைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க இன்னும் வழிந்தது. என் மூளையில் ஓடியதெல்லாம் எப்படி மறைப்பது, எதைப் போர்த்துவது என்பதுதான். லான் மட்டும் அவசரப்படாமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி அதைத் தொட்டு, விரலைப் பார்த்தாள்.

"இத்தனை வருடம் காத்திருந்தவள் புருஷனைத் தொடாமல் நிற்பாளா?" என்றாள். "அப்படி நின்றால் கூட்டம் எழுந்து போய்விடும். எல்லாரும் தள்ளுங்கள்."

அவள் மேடையில் ஓடிப்போய் அவனை இறுகக் கட்டிக்கொண்டாள். விலகித் திரும்பியபோது வெள்ளைப் பட்டின் முதுகில் ஹாயின் இரண்டு கைகளும் பத்து விரலோடு கறுப்பாகப் பதிந்திருந்தன. மார்பெல்லாம் கரி. நான் கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினேன்.

லான் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். கூட்டத்துக்குக் காட்டினாள். பிறகு, நாடகத்தில் இல்லாத ஒரு வரியைத் தானே கட்டிப் பாடினாள். 'கடல் இவரை விடவில்லை, கூடவே வீடு வரை வந்திருக்கிறது. வா கடலே, உனக்கும் ஒரு கிண்ணம் சோறு வைக்கிறேன்' என்று அர்த்தம் வரும். முன்வரிசைப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஹாய் எதிர்ப்பாட்டு எடுக்க மறந்து அவனும் அழுதுவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பா தூ, "எங்களிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தீர்களே" என்றாள். திட்டமிட்டுச் செய்ததாக அவள் நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. லான் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த ஆட்டத்திலிருந்து நான் ஒரு பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை என்பதற்கு அத்தாட்சி மறுநாள் நான் செய்த காரியம். விடிந்ததும் கோட்டைக் கால்வாய்த் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் அலசி அலசி, கரியும் மையும் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் எடுத்துவிட்டேன். அடியில் மக் நுவாப் பழுப்பு கல்லில் வடித்ததுபோல நின்றது. நிமிர்ந்த தலையோடு அரங்குக்குக் கொண்டுபோனேன். "இனி கடலிலேயே போட்டாலும் சாயம் போகாது" என்றேன்.

பா தூ தலையில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். "அன் பாய், ஊரெல்லாம் அந்தக் கைத்தடத்தைப் பற்றித்தான் பேசுகிறது. இன்று டிக்கெட் எல்லாம் போய்விட்டது. அதைக் கழுவிவிட்டா வந்தீர்கள்?"

அவசர அவசரமாகக் கரியைக் குழைத்துப் பூசினேன். இந்தத் தடவை கஞ்சி கெட்டியாகிவிட்டது. புயலில் ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. லான் கட்டிக்கொண்டு திரும்பினாள், பகலெல்லாம் துவைத்து வெளுத்திருந்த பட்டு பால் மாதிரி இருந்தது. "கறுப்பு எங்கே?" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். சிலர் சிரித்தார்கள். அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு. அதற்கு மறுநாள் கஞ்சி நீர்த்துப் போய், புயலுக்கு முன்பே, அம்மாவிடம் விடைபெறுகிற காட்சியிலேயே சாயம் கழன்றது. கடலுக்குப் போகாதவன் மேல் கடல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அழவும் இல்லை. பா தூ என்னைத் திட்டவில்லை. "இன்னொரு நாள் பார்ப்போம்" என்றாள். அதைச் சொன்ன விதத்தில், இன்னொரு நாள்தான் மிச்சம் என்று தெரிந்தது.

தம்பிகளே, தங்கைகளே, ஒரு தப்பு தானாக நடப்பது சுலபம். அதையே தினமும், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், குறித்த அளவுக்கு நடக்க வைக்க வேண்டுமென்றால் அதற்கு வேலை தெரிய வேண்டும். எனக்கு வேலை தெரியாது என்பதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். வீட்டில் கோட்டை விரித்துப் போட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"எல்லா எடத்துலயும் ஏன் பூசுறீங்க?" என்றாள் ஆமினா. "கட்டிப் பிடிக்கிறப்ப எங்க படுதோ அங்க மட்டும் பூசுனா போதாதா?"

"எங்க படும்?"

"என்னக் கட்டிப் புடிச்சிப் பாருங்க."

பார்த்தோம். அவள் வயிறு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. எங்கும் படவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டோம்.

ஆகவே லானையும் ஹாயையும் வீட்டுக்கு வரவழைத்தோம். அவர்கள் நடு வீட்டில் நின்று திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். ஆமினா தையல் சாக்குக் கட்டியோடு சுற்றிச் சுற்றி வந்து, கோட்டில் லான் படுகிற இடத்தையெல்லாம் வளைத்துக் கோடு போட்டாள். எதிர்வீட்டுப் பெண்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். அந்த வளைவுக்குள்ளும், ஹாயின் விரலுக்கு வழிய வேண்டிய கை விளிம்பிலும் மட்டும் கரி, மற்ற இடமெல்லாம் போகாத சாயம். கஞ்சியை ஒரு சின்னத் துணியில் பூசி, வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்து, வழிவது தெரிந்த பிறகுதான் கோட்டில் பூசினேன். முதல் நாளே அந்தச் சின்னத் துணியில் பார்த்திருக்கலாம். இன்றைக்கும் நான் எதையும் துண்டுத்துணியில் பார்க்காமல் செய்ய மாட்டேன்.

கரி பட்ட பட்டை எப்படித் தினமும் வெளுப்பது என்பது அடுத்த கவலை. அதற்கும் வழி கிடைத்தது. பட்டுக்குப் பதில் அதேபோல் ஒரு மெல்லிய பருத்தி உடை தைத்தேன், இந்தத் தடவை துணியை முதலில் நனைத்துவிட்டு. அதற்குக் கனமாகக் கஞ்சி போட்டோம். கரி நூலில் இறங்காமல் கஞ்சிமேல் உட்கார்ந்துகொள்ளும். துவைத்தால் கஞ்சியோடு போய்விடும்.

அடுத்த ஆட்டத்தில் பத்து விரலும் பதிந்தன. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. போன பாடகர்களில் ஒருவர் திரும்பி வந்தார். குழு நின்றது.

குழுவில் வேலை கிடைத்த பிறகும் காலையில் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். இரண்டு படகிலும் கால். ஒரு நாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கால்வாய்ப் பலகைமேல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வந்தவர், உட்கார்ந்து தேநீர் குடித்து முடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"ஹமீது, நீ நாளையிலேர்ந்து கடைக்கு வராத."

"என்ன மாமா, நான் எதாவது..."

"நீ ஒண்ணும் செய்யல. ஒன் பேரு செய்யிது. துணி எடுக்க வர்றவங்க ஒன்னப் பாத்துட்டுத் துணிய நாக்குல தொட்டுப் பாக்குறாங்க. நேத்து ஒரு அம்மா கையோட தண்ணிக் கிண்ணம் கொண்டாந்து இக்கிது. எங்க வாப்பா காலத்துலேர்ந்து சாயம் போவாத துணின்னு பேரு வாங்குன கடப்பா அது. ஊருல ஒருத்தன் சாயம் போக்குறதுக்குன்னே பேரு வாங்கி இக்கிறான். அவன் என் கடையில நிக்கிறான்."

ஆமினா அவருக்கு இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றினாள். "மாமா, நீங்க அத ஒரு நாளும் பாக்கலயே" என்றாள்.

மாமா நாடகக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். "எத்தன மணிக்கு?" என்றார்.

அன்று கோட்டைத் தயார் செய்து ஹாயிடம் கொடுத்துவிட்டு நானும் கீழே போய் உட்கார்ந்தேன். மாமாவுக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் ஆமினா. மாமா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக முழங்காலில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாட்டு ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. புயலின்போது, "தண்ணி வீணாப் போவுது" என்று ஒரு தடவை சொன்னார்.

வெளிச்சம் வந்தது. நனைந்த கோட்டோடு ஹாய் நின்றான். லான் வெள்ளை உடையில் அவனை நோக்கி ஓடினாள். கோட்டில் எங்கே கரி, எவ்வளவு கரி, எதற்குக் கரி என்று எல்லாமே நான் வரும் வழியில் மாமாவுக்குச் சொல்லியிருந்தேன். அவள் கையை விரித்ததும் மாமா இருக்கையை விட்டு எழுந்துவிட்டார்.

"அம்மாடி, கிட்டப் போவாத, சாயம் ஒட்டும்" என்று தமிழில் கத்தினார். அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

லான் அவனைக் கட்டிக்கொண்டாள். சுற்றியிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. யாரோ ஒரு பெரியவர் துக்கம் தாங்காமல் கதறுகிறார் என்று நினைத்து, மாமாவைச் சுற்றியிருந்த வரிசை முழுக்க அழத் தொடங்கியது. ஒரு கிழவி அவர் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள்.

ஆமினா அவர் சட்டையை மெல்ல இழுத்தாள். "மாமா, உக்காருங்க. இது நாடகம்."

"தெரியும்" என்று உட்கார்ந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கண் மட்டும் மேடையில் அந்தப் பத்து விரல் தடத்தை விட்டு நகரவில்லை. "இருந்தாலும், வெள்ளத் துணியாச்சே."